தகரம் தந்தது போதும், இனி ஓரத்தைப் பாருங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. கூரையைப் பற்றியது. லயத்துக் கூரையைப் பற்றியது. நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள கோரிக்கைகளை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

சித்திரைப் புத்தாண்டு வருகிறது. அது முடிந்து மே பிறந்தால் தென்மேல் பருவமழை. நுவரெலியாவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று சிதறிக் கிடக்கும் நம் சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றி எழுத ஆள் குறைவு. மழையோ நமக்குத்தான் அதிகம். இரத்தினபுரியில் ஒரு வருடத்தில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. நாட்டிலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்று அது.

இந்த எண்ணை வெறும் எண்ணாக விடாமல் வகுப்பில் பிள்ளைகளோடு கணக்காகவே செய்து பார்த்தோம். 10 அடிக்கு 12 அடி உள்ள ஒரு காம்பராவின் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 1 லீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்த ஒரு காம்பராவின் தலையில் 1,100 லீற்றர் தண்ணீர். 12 காம்பரா உள்ள லயத்துக்கு 13,000 லீற்றருக்கு மேல். ஒரு பவுசர் நிறையத் தண்ணீர் உங்கள் முகட்டிலிருந்து இறங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே வந்தால்கூட 13 லீற்றர். கட்டில் நனைய அது போதும். கொப்பி நனைய ஒரு கோப்பைத் தண்ணீர் போதும்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். கூரை நடுவில் ஒழுகுவது குறைவு. ஒழுகுவது ஓரத்தில்தான். தகரமும் தகரமும் சந்திக்கும் இடம், தகரமும் சுவரும் சந்திக்கும் இடம், முகடு, ஆணி ஓட்டை, பீலி. ஆனால் நமக்கு இத்தனை வருடமாகக் கிடைத்ததெல்லாம் தகரம்தான். ஓரத்துக்கென்று யாரும் எதுவும் தந்ததில்லை, ஓரத்துக்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்டதுமில்லை.

போன மாரியில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். "சேர், தகரம் புதுசு சேர். ஆனா பழைய எடத்துலயேதான் ஒழுகுது." நிவாரணமாக வந்த தகரம். ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஆனால் தண்ணீர் அதே மூலையில், அதே சுவரோரமாக இறங்குகிறது. காரணம், தகரத்தை மாற்றினார்கள், சுவரோரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஏன் ஓரம் மட்டும் கெட்டுப்போகிறது? இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. இரும்புத் தகரம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். மத்தியானம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் தகரம், ஒரு மழை அடித்தால் சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும். 40 பாகை வித்தியாசத்துக்கு 10 அடித் தகரம் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். பார்க்கச் சின்ன எண். ஆனால் சுவரோரம் பூசிய சீமெந்து தகரத்தோடு சேர்ந்து அசையாது. அதனால் முதல் வருடத்திலேயே தகரத்துக்கும் சீமெந்துக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். இரண்டாம் வருடம் அந்த வெடிப்பில் பாசி பிடிக்கும். மூன்றாம் வருடம் உள்ளே சுவர் கறுக்கும்.

ஆணியும் அப்படித்தான். தகரம் அசைய அசைய ஆணி ஓட்டை பெரிதாகும். ஆணியின் தலைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாசர் வெயிலில் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும். அதிலும் ஆணியை நெளியின் மேட்டில் அடிக்காமல் பள்ளத்தில் அடித்திருந்தால் கதை முடிந்தது. தண்ணீர் ஓடுவதே பள்ளத்தில்தானே? இரண்டு தகரம் மேல் கீழாக ஒட்டிப் படுத்திருக்கும் இடத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். அந்த நெருக்கமான இடுக்கில் தண்ணீர் மேல்நோக்கிக்கூட ஏறும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி. காற்றும் சேர்ந்து தள்ளினால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மீது ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும் என்று பாஸ்மார் சொல்வார்கள். தகரத்தை எண்ணிக் கொடுக்கும்போது அந்த ஆறு அங்குலம் கணக்கில் வருவதில்லை. எட்டித் தொடும் அளவுக்கு வைத்து அடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

இது தனி வீடென்றால் இத்தோடு முடிந்தது. லயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லயம் என்பது ஒரே கூரை. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பம். முகடு ஒன்று, பீலி ஒன்று, சரிவு ஒன்று. ஆனால் தகரம் வருவது குடும்பத்துக்கு இத்தனை என்று. தேர்தல் வந்தால் வரும், வெள்ளம் வந்தால் வரும், யாராவது பெரிய மனிதர் பிறந்தநாள் கொண்டாடினாலும் வரும். நான்காம் காம்பராக்காரருக்குக் கிடைக்கும், ஐந்தாம் காம்பராக்காரருக்குக் கிடைக்காது. பெயர் விடுபட்டிருக்கும், அல்லது அவர் வேறு சங்கமாக இருப்பார். நான்காம் காம்பராவில் புதுத் தகரம் ஏறும். அதன் நெளி ஒரு அளவு. ஐந்தாம் காம்பராவின் பழைய தகரத்தின் நெளி வேறு அளவு. இரண்டும் ஒன்றின்மீது ஒன்று படியாது. நடுவில் விரல் போகும் இடைவெளி. அந்த இடைவெளி சரியாக இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான சுவரின்மீது வந்து நிற்கும்.

பிறகு என்ன? நான்காம் காம்பராக்காரர் கூரை மாற்றினார், ஐந்தாம் காம்பராவில் ஒழுகுகிறது. சண்டை. பத்து வருடம் பிள்ளை தூக்கிக் கொடுத்து வளர்த்த இரண்டு வீட்டுக்காரர்கள் பேசாமல் போய்விடுவார்கள். தகரம் தந்தவருக்கு இது தெரியாது. அவர் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். எந்தத் தோட்டத்திலும் மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்தைப் பாருங்கள். ஒரே கூரையில் சிவப்புத் தகரம், வெள்ளைத் தகரம், துருப்பிடித்த தகரம், அஸ்பெஸ்டஸ், மேலே கல், டயர், கறுப்புப் பொலித்தீன். எந்தெந்தத் தேர்தலில் எந்தெந்த வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று அந்தக் கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அஸ்பெஸ்டஸ் என்றதும் ஒரு பழைய கதை. இலங்கையில் 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸுக்குத் தடை வருவதாக இருந்தது. 2017 டிசம்பரில், நம் தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் கனிமத்தை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடும் ரஷ்யாதான். நம் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிப்போட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிக்கிறவரின் தலைக்கு மேலே இருக்கும் கூரையும் அவர் பறித்த கொழுந்தும் ஒரே பேரத்தில் சேர்ந்து விலைபேசப்பட்டன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனால் கூரையில் இருப்பது இருக்கிறது. நாளைக்கே எல்லாவற்றையும் இறக்க யாராலும் முடியாது. அதனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அஸ்பெஸ்டஸ் சீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அறுக்காதீர்கள், கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்காதீர்கள். தூசிதான் ஆபத்து. அதன்மீது கால் வைத்து ஏறவும் வேண்டாம், பழைய சீட் உடைந்து ஆளோடு விழும்.

"ஒரு வாளியை வைத்தால் முடிந்தது, கூரை ஒழுகுவதற்கா இவ்வளவு பெரிய பதிவு?" என்று கேட்பவர்களுக்கு, ஆசிரியராக நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

மழை இரவுக்கு அடுத்த நாள் வகுப்பறை பாதியாகிவிடும். வராத பிள்ளைகளில் காய்ச்சல்காரர் சிலர், பாதை சறுக்கும் என்று நின்றவர்கள் சிலர், சீருடை காயவில்லை என்று நின்றவர்கள் பலர். வந்த பிள்ளைகளும் மேசையில் தலை வைத்துத் தூங்குவார்கள். ராத்திரி கட்டிலை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு காலையில் பின்னம் எப்படி ஏறும்? கொப்பியின் நீல மை பரவி எழுத்தெல்லாம் மேகமாகியிருக்கும். சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை தன் குறிப்புகளை அரிசி வாளிக்குள் போட்டு மூடி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பாராட்டலாம். ஆனால் அப்படி ஒரு கெட்டித்தனம் எந்தப் பிள்ளைக்கும் தேவைப்படக் கூடாது.

ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புப் புகையோடு அதுவும் சேர்ந்தால் நெஞ்சு இழுக்கும். இதைவிடப் பயம் தருவது கரண்ட். பல லயங்களில் வயர் போவது கூரைக்குக் கீழே, சுவரோரமாக. தண்ணீர் இறங்குவதும் சுவரோரமாக. மலையகத்தில் லயம் எரிந்தது என்ற செய்தி வருடா வருடம் வருகிறது, அதில் பல தடவை மின் ஒழுக்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு காம்பராவில் பற்றினால் முழு லயமும் போகிறது. கூரை ஒன்றாக இருப்பதன் விலை அது.

சரி, இந்த ஓரத்தை யார் பார்க்க வேண்டும்?

தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கென்றே மேசன் பாஸும் தச்சு பாஸும் இருந்தார்கள், பிரட்டில் பேர் போட்டு அவர்களை லயத்து வேலைக்கு அனுப்புவார்கள் என்பார்கள். வெள்ளைக்காரன் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 10க்கு 12 காம்பராவைக் கட்டி நான்கு தலைமுறையை அதற்குள் அடைத்ததே அந்தக் காலம்தான். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாகி நிர்வாகம் கைமாறியது. பின்னர் 53 வருடக் குத்தகை. அதே காலத்தில் தொழிலாளர் வீடமைப்புக்கென்று ஒரு தனி நிதியமும் வந்தது. அமைச்சு இருக்கிறது, அதிகார சபை இருக்கிறது, பிரதேச சபை இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. இத்தனை பேர் இருந்தும் ஓர் ஆணிக்கு வாசர் போட ஆளில்லை.

கம்பனியைக் கேட்டால் காணி அரசாங்கத்துடையது என்பார்கள். அரசாங்கத்தைக் கேட்டால் நிர்வாகம் கம்பனியுடையது என்பார்கள். குடியிருப்பவரோ, உறுதிப் பத்திரம் இல்லாதவர். அவர் சொந்தக் காசைப் போட்டு ஓர் அடி நீட்டிக் கட்டினால் "யாரைக் கேட்டுக் கட்டினாய்?" என்று கேள்வி வரும். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதே 2024இல்தான். நல்ல சீலன்ட் டியூப் ஒன்று வாங்கப் போனால் ஒரு நாள் உழைப்பு அதிலேயே போய்விடும். தனக்குச் சொந்தமில்லாத கூரைக்கு, நாளை காலி செய்யச் சொன்னால் போக வேண்டிய வீட்டுக்கு, யார் அந்தக் காசைப் போடுவார்?

வெளிநாட்டில் சிலர் பஸ் போன்ற ஒரு வாகனத்தையே வீடாக்கி அதில் வாழ்கிறார்கள். மோட்டார் ஹோம் என்பார்கள். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அதற்குள். அந்த வாகனம் பழசானால் முதலில் கெடுவது எஞ்சின் அல்ல, கூரையின் ஓரம் என்று சொல்வார்கள். கூரையும் பக்கச் சுவரும் சேரும் அந்த நீளமான இணைப்பில் பூசிய பசை வெயிலில் வெடித்து, தண்ணீர் உள்ளே போய், ஆளுக்குத் தெரியாமலே மரச்சட்டம் உக்கிப்போகும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏணி வைத்து ஏறி, ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்து, வெடித்த இடத்தைச் சுரண்டி, புதிதாகப் பூசுவார்கள். ஓய்வுபெற்ற தாத்தாமார்கூட இதை ஒரு கடமையாகச் செய்கிறார்கள். அவர்கள் நம்மைவிடப் பொறுப்பானவர்கள் என்பதாலா? இல்லை. அது அவர்களுடையது. சாவி அவர்கள் சட்டைப் பையில். அவ்வளவுதான் வித்தியாசம்.

சொந்தமில்லாவிட்டாலும் பொறுப்பு இருக்கலாம் என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. எந்தப் பள்ளிவாசலையும் பாருங்கள். கூரையில் ஒரு சீட் விலகினால் அது யாருடைய சீட் என்று யாரும் கேட்பதில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு அறிவிப்பு, ஒரு துண்டை விரித்தால் காசு சேரும், அடுத்த வாரம் பாஸ் ஏறிவிடுவார். தோட்டத்துக் கோயிலும் அப்படித்தான். திருவிழாவுக்கு முன் கூரை பார்த்து, பெயின்ட் அடித்து முடிந்திருக்கும். இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, முழுக் கூரையும் ஒன்றாகப் பார்க்கப்படுகிறது. இரண்டு, யார் பார்ப்பது என்று எல்லோருக்கும் தெரியும், பரிபாலன சபை. எங்கள் மொழியில் அமானிதம் என்போம். கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதைக் கையில் வைத்திருப்பவர் பாதுகாக்க வேண்டும். 53 வருடத்துக்குக் குத்தகையாக வாங்கியதும் ஓர் அமானிதம்தான். தேயிலைச் செடிக்கு உரம் போடுவதும், தொழிற்சாலைக் கூரையை ஒழுகாமல் வைத்திருப்பதும் தெரிந்த நிர்வாகத்துக்கு லயத்துக் கூரை மட்டும் கண்ணில் படாமல் போவது எப்படி?

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். நியாயமான எதிர்வாதம், நான் மதிக்கிற நண்பர்களே சொல்வது. "லயத்தைத் திருத்தச் சொல்லாதே. திருத்தினால் லயத்திலேயே வைத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது தனி வீடு, 7 பேர்ச்சஸோ 10 பேர்ச்சஸோ காணி, கையில் உறுதி. ஒட்டுப்போட்ட கூரை அல்ல."

முழுக்க உண்மை. லயம் ஒழிய வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். இந்திய உதவியில் இன்னும் 10,000 வீடு என்று இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்தது 2017 மே மாதம். அந்த வேலை தொடங்கியது 2024இல். அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் ஏழு பருவமழை. 2017இல் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை 2024இல் எட்டாம் தரம். அந்த ஏழு வருடமும் அந்தப் பிள்ளை ஒரு கூரைக்குக் கீழேதான் படுத்தது. தனி வீடு கேட்பது ஒரு கை, இந்த மே மாதத்தில் பிள்ளை நனையாமல் பார்ப்பது மற்றக் கை. ஒரு கையைக் கட்டிக்கொண்டுதான் மற்றதைத் தூக்க வேண்டுமென்று யார் சொன்னது? நோயாளி சத்திரசிகிச்சைக்குத் தேதிக்காகக் காத்திருக்கிறார் என்று காயத்துக்கு மருந்து கட்டாமல் விடுவோமா?

ஒரே ஒரு விதிவிலக்கு. மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட லயங்கள். அங்கே சீலன்ட் பூசுவது வீண். 2016 மேயில் அரநாயக்க, 2017 மேயில் இரத்தினபுரி, 2025 நவம்பரில் டித்வா புயல் எல்லாம் நமக்குக் காட்டிவிட்டன. அங்கே கோரிக்கை ஒன்றே ஒன்று. ஆட்களை வேறிடத்தில் குடியேற்றுங்கள், மழைக்கு முன்.

மற்ற லயங்களுக்கு என்ன செய்யலாம்? ஹாட்வெயார்க்காரர்களிடமும் பாஸ்மாரிடமும் கேட்டு அறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். காய்ந்த நாளாக, காலை நேரமாகப் பாருங்கள். ஏணி வையுங்கள், கூரையில் பலகை போட்டு அதன்மீது நடங்கள். பழைய தாரையும் பழைய சிலிக்கனையும் முழுக்கச் சுரண்டி எடுங்கள். பழைய சிலிக்கன்மீது எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கன்கூட ஒழுங்காக ஒட்டாது. பலர் காசு கரைப்பது இந்த இடத்தில்தான். இரும்புத் தகரமென்றால் துருவைத் தேய்த்து, துடைத்து, ரெட் ஒக்சைட் ஒரு பூச்சு அடித்துக் காய விடுங்கள்.

வினாகிரி வாசம் வரும் சிலிக்கன் மலிவு. அது கண்ணாடிக்குச் சரி, நாகம் பூசிய தகரத்துக்குச் சரியல்ல. அந்த அமிலம் நாகப் பூச்சை அரிக்கும். "நியூட்ரல்" என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தார் மட்டும் பூசினால் ஓரிரு வருட வெயிலில் காய்ந்து வெடிக்கும். விரல் போகும் இடைவெளியைப் பசையால் அடைக்க முடியாது. அங்கே மடித்த தகரப் பட்டி வேண்டும். சுவரோரத்தில் அந்தப் பட்டியின் மேல்விளிம்பு சுவரைக் கொத்தி உள்ளே போக வேண்டும், சும்மா சுவரில் சாய்ந்து நிற்கக் கூடாது. அளவு வேறான இரண்டு தகரம் சேரும் இடத்துக்கும் அகலமான பட்டிதான் தீர்வு. பழைய ஆணியைக் கழற்றி, வாசரோடு கூடிய ஸ்குரூவை மேட்டில் போடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தகரத்தின் கீழ்விளிம்பைப் பூசி அடைக்காதீர்கள். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். எல்லாப் பக்கமும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று தகரத்தையும் கைமரத்தையும் தின்னும். அடைக்க வேண்டியது தண்ணீர் வரும் வழியை, போகும் வழியை அல்ல.

இனி என் கோரிக்கைகள்.

1. கூரைத் தகரம் தருகிறவர்கள், அது அரசியல்வாதியோ, தனவந்தரோ, நம் ஜமாஅத்தோ, குடும்பக் கணக்கில் தராதீர்கள். லயக் கணக்கில் தாருங்கள். ஒரு தோட்டத்தில் பத்து லயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பதைவிட ஒரு லயத்தை முகட்டிலிருந்து பீலி வரை முழுதாக முடியுங்கள். அடுத்த வருடம் அடுத்த லயம்.

2. தகரத்தோடு முகட்டு மூடி, சுவர்ப் பட்டி, வாசர் ஸ்குரூ, சீலன்ட், பாஸின் கூலி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இவை இல்லாத தகரம் அரை உதவிதான்.

3. தோட்ட நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரலில் லயக் கூரைகளைப் பார்த்து, எந்த லயம், எந்த இடம், எப்போது திருத்தப்படும் என்று எழுதி பிரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்கள் இதையும் ஒரு வரியாக ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் இல்லாத பொறுப்பு யாருடைய பொறுப்பும் அல்ல.

4. குடியிருப்பவர் தன் செலவில் செய்யும் கூரைத் திருத்தத்துக்கு அனுமதி, கடிதம் என்று அலைக்கழிக்க வேண்டாம். ஒழுகும் ஓரத்தில் பசை பூசுவதால் எந்தக் கம்பனியின் குத்தகையும் பறிபோய்விடாது.

கடைசியாக நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரைக்குக் கொழும்பிலிருந்து ஊருக்கு வரப்போகிறீர்கள். உங்களில் பலர் அங்கே ஹாட்வெயாரில் நிற்கிறீர்கள், கட்டட வேலை செய்கிறீர்கள், மாடிக் கட்டடங்களுக்கு வோட்டர் புரூப் அடிக்கிறீர்கள். கொழும்பின் கூரைகள் ஒழுகாமல் இருப்பதில் உங்கள் கைக்கும் பங்குண்டு. இந்த விடுமுறையில் நான்கைந்து பேர் சேர்ந்து உங்கள் லயத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். உங்கள் காம்பராவை மட்டுமல்ல, ஒன்றாம் காம்பராவிலிருந்து பன்னிரண்டு வரை. எங்கெங்கே ஓரம் விட்டிருக்கிறது என்று போனில் படம் எடுங்கள், காம்பரா எண்ணோடு எழுதுங்கள். முடிந்ததை நீங்களே செய்யுங்கள். முடியாததை அந்தப் படங்களோடு நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதிக் கொடுங்கள். கடிதம் எழுதத் தெரியாதென்றால் உங்கள் பாடசாலையின் ஆசிரியரிடம் போங்கள். அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம். சிங்களத்திலும் எழுதித் தருவோம்.

உங்கள் தோட்டத்தில் யாராவது லயக் கூரையை முழுதாகத் திருத்தியிருந்தால், எப்படிச் செய்தீர்கள், எவ்வளவு முடிந்தது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும். தகரம் கொடுக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பதிவை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

மே மாதத்தில், மழை இரவுக்கு அடுத்த நாள் காலையில், என் வகுப்பு நிறைந்திருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ்.